வலை பின்னாத வலைச்சிலந்தி: ஹவாய்த் தீவுச் சிலந்திகளின் வகைப்பாட்டு வரலாறும் மொழிக்குடும்ப ஆய்வும்

1. முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் உயிரியல் நூலொன்றின் ஓர் இயலைத் தமிழில் பெயர்க்கும் பணி இக்கட்டுரையாளருக்கு வாய்த்தது. பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளின் சிலந்திகள் பற்றிய இயல் அது. 'டெட்ராக்னாதிடே' என்னும் குடும்பத்தின் ஆங்கில வழக்குப்பெயரை ஒட்டி 'நீள்தாடை வட்டவலைச் சிலந்திகள்' என்று எழுதினேன். மூல நூலுக்கு உண்மையான பெயர்ப்பு என்னும் நிறைவும் இருந்தது. ஆனால் இரண்டு பக்கம் கடந்ததும், 'ஹவாயில் வாழும் இவ்வட்டவலைச் சிலந்திகளுள் ஒரு கிளையினம் வலையே பின்னுவதில்லை' என்ற வாக்கியத்தை எழுத வேண்டியதாயிற்று. பெயர் ஒன்றைச் சொல்லப் பொருள் அதனை மறுத்தது. பிழை மூலநூலாசிரியருடையதன்று. விளக்கப் பெயரை உறவுப் பெயராகக் கொண்ட என்னுடையதே.

உருவாலும் செயலாலும் பெறப்படும் ஒப்புமை வேறு. பிறப்பால் வரும் உறவு வேறு. இவ்வேறுபாட்டை உயிரியலார் எவ்வாறு கண்டனர், மொழியியலார் எவ்வாறு கண்டனர் என்பதை ஹவாய்ச் சிலந்திகளின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வரலாற்றிலிருந்து கலைச்சொல்லாக்கத்துக்குக் கிடைக்கும் படிப்பினையும் இறுதியில் சுட்டப்பெறும்.

2. மொழிகள் தரும் பெயர்கள்

சிலந்திக்கு மொழிகள் இட்ட பெயர்களை நோக்கின், பெரும்பாலானவை அதன் தொழிலைப் பற்றியனவாக உள்ளன. ஆங்கிலப் பெயரும் செருமானியப் பெயரும் 'நூற்றல்' என்னும் வினையடியாகப் பிறந்தவை. தெலுங்கில் சிலந்தி 'சாலெபுருகு' எனப்படும். 'சாலெ' நெசவாளரைக் குறிக்கும் சொல், 'புருகு' புழு பூச்சிகளைக் குறிக்கும் சொல். கன்னடத்தில் 'ஜேட' என்னும் சொல் சிலந்திக்கும் நெசவாளருக்கும் பொதுவானது. வடமொழியின் 'ஊர்ணநாபம்' கொப்பூழில் கம்பளி இழை உடையது என்னும் பொருளது. 'மர்க்கடகம்' என்னும் மற்றொரு வடசொல்லிலிருந்து பாலியின் 'மக்கடக', இந்தியின் 'மக்டி', சிங்களத்தின் 'மகுளுவா' ஆகியன கிளைத்தன.

தமிழில் 'சிலந்தி', 'சிலம்பி' என்பன பழைய பெயர்கள். பேச்சு வழக்கில் 'எட்டுக்கால் பூச்சி' என்பதே மிகுதி. இது தொழிலை விடுத்து உறுப்பின் எண்ணைச் சுட்டுகிறது. மலையாளத்தின் 'எட்டுகாலி'யும் இத்தகையதே. இப்பேச்சுப் பெயரில் முரண் ஒன்று உண்டு. இன்றைய பாடநூல்களில் 'பூச்சி' ஆறுகால் உயிரிகளின் வகுப்புக்கு உரிய சொல். எனவே 'எட்டுக்கால் பூச்சி' என்பது, பாடநூல் நோக்கில், தன்னைத்தானே மறுக்கும் தொடர். ஆயின் மக்கள் வழக்கில் பிழை ஏதும் இல்லை. அவர்கள் 'பூச்சி' என்பதை வகுப்புப் பெயராகக் கொள்ளவில்லை. சிற்றுயிர் என்னும் பொதுப்பொருளில் ஆள்கின்றனர்.

வகைப்பாட்டுக்கு ஒரே ஓர் அளவுகோலைத் தேர்ந்து அதனைச் சீராகப் பயன்படுத்தும் முயற்சி தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுக்கிறது. அதன்படி நண்டும் தும்பியும் நாலறிவு உயிர்களாக ஒரே வகுப்பில் நிற்கின்றன. இது பிறப்புறவு பற்றிய கூற்றன்று. புலன் பற்றிய கூற்று. அவ்வளவில் அது முரணற்றது. ஓர் அளவுகோலால் பெற்ற வகுப்பை வேறோர் அளவுகோலின் முடிவாகப் படிக்கும்போதுதான் இடர் தோன்றுகிறது.

3. கிளார்க் முதல் சிமோன் வரை

விலங்குப் பெயரீட்டின் தொடக்க எல்லையாக லின்னேயசின் 'சிஸ்டமா நாச்சுரே' பத்தாம் பதிப்பு (1758) கொள்ளப்படுகிறது. இவ்விதிக்குச் சிலந்திகள் மட்டும் விலக்குப் பெற்றன. சுவீடன் நாட்டுச் சிலந்திகள் பற்றி கார்ல் கிளார்க் 1757இல் வெளியிட்ட நூலின் பெயர்கள், ஓராண்டு முந்தியவையாயினும் செல்லுபடியாகும் என்று பன்னாட்டுப் பெயரீட்டு விதிகள் ஏற்கின்றன. லின்னேயசோ எல்லாச் சிலந்திகளையும் 'அரானியா' என்னும் ஒரே பேரினத்தில் அடக்கி, அதனைச் சிறகிலாப் பூச்சிகளுள் வைத்தார். நம் பேச்சு வழக்கின் 'எட்டுக்கால் பூச்சி'க்கும் அவர் பகுப்புக்கும் பெருந்தொலைவு இல்லை எனலாம்.

1804இல் லத்ரேய் 'டெட்ராக்னாதா' என்னும் பேரினத்தைப் பிரித்தார். கிரேக்கத்தில் இதன் பொருள் 'நான்கு தாடை'. இவற்றின் வாய்ப்பகுதி உறுப்புகள் நீண்டு, நான்கு தாடைகள் போலத் தோன்றுவதால் ஏற்பட்ட பெயர் இது. உலகின் பெரும்பகுதியில் இப்பேரினத்தின் சிலந்திகள் நீர்நிலைகளை அடுத்து வட்டவலை பின்னி வாழ்பவை. நீண்டு மெலிந்த உடலும் ஏறத்தாழ ஒரே தோற்றமும் உடையவை.

ஹவாய்த் தீவுகளின் சிலந்திகளை விரிவாக விளக்கியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு அறிஞர் யூஜின் சிமோன். ஆர்.சி.எல். பெர்க்கின்ஸ் 1890களில் அத்தீவுகளின் காடுகளில் அலைந்து திரட்டிய மாதிரிகள் டேவிட் சார்ப் பதிப்பித்த 'ஃபானா ஹவாயியென்சிஸ்' தொகுதிகளுக்கு அடிப்படையாயின. அவற்றுள் சிலந்திகள் பற்றிய பகுதியை 1900இல் சிமோன் எழுதினார். முதுகில் சிரித்த முகம் போன்ற கோலம் உடையதென இன்று புகழ்பெற்ற 'தெரிடியான் கிராலட்டார்' அவரால் அவ்வாண்டில் பெயரிடப்பட்டதே. 'கிராலட்டார்' என்பது இலத்தீனில் மரக்கால் கட்டி நடப்பவனைக் குறிக்கும். இன்று உலகம் முகத்தைக் கண்டு வியக்க, பெயரிட்டவரோ நீண்ட காலைக் கொண்டு பெயரிட்டார். ஹவாய் மொழியிலும் இச்சிலந்திக்கு முகக்கோலம் உடையது என்னும் பொருளமைந்த 'நனனன மககிஇ' என்ற பெயர் வழங்குகிறது.

சாராயத்தில் இட்ட சிலந்தி மாதிரிகளில் பச்சை முதலிய நிறங்கள் விரைவில் மங்கிவிடும் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. இலையடியில் இருந்ததா, பாசியில் இருந்ததா என்பதும் குப்பியில் தெரியாது. அருங்காட்சியக மாதிரியைக் கொண்டு சிலந்தியை அறிவது, கல்வெட்டைக் கொண்டு பேச்சொலியை அறிவது போன்றது. பயனுடையதே, ஆனால் உயிருள்ள வழக்கின் ஒரு பகுதி அதில் இராது.

4. தீவுகளின் வயதும் சிலந்திகளின் வரவும்

ஹவாய்த் தீவுக்கூட்டம் எக்கண்டத்தோடும் ஒருபோதும் இணைந்திருந்ததில்லை. அருகிலுள்ள கண்டமாகிய வட அமெரிக்காவின் கரை ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கடலடியில் நிலைத்த ஒரு வெப்ப மையத்தின் மேல் புவியோட்டுத் தகடு நகர, எரிமலைத் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன என்று 1963இல் ஜே. டூசோ வில்சன் விளக்கினார். இதன் விளைவாகத் தீவுகள் வயது வரிசையில் அமைந்துள்ளன. பெருந்தீவுகளுள் வடமேற்கிலுள்ள கவாய் ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டு மூத்தது. அடுத்து ஒவாகு, பின்னர் மொலொகாய், மவுய் முதலியன. தென்கிழக்கிலுள்ள ஹவாய்ப் பெருந்தீவு 10 இலட்சம் ஆண்டுக்கும் இளையது. அதன் எரிமலைகள் இன்றும் வளர்கின்றன.

வரலாற்று மொழியியலார் பொறாமைப்படத்தக்க நிலை இது. நம் மொழிக்குடும்பக் கிளைகள் பிரிந்த காலத்தைக் கணிக்கும் முயற்சிகள் யாவும் பெரும் ஐயத்துக்கு உட்பட்டவை. இங்கோ நிலமே காலக்கணக்கை வைத்திருக்கிறது. ஒரு தீவில் மட்டும் வாழும் சிலந்தி இனம் அத்தீவிலேயே தோன்றியதாயின், அது தீவைவிட மூத்ததாக இருக்க இயலாது.

சிலந்திகள் இத்தீவுகளை அடைந்தது காற்று வழியே எனக் கருதப்படுகிறது. இழையைக் காற்றில் விட்டு அதன் இழுவிசையால் மிதந்து செல்லும் திறன் சிலந்திகள் பலவற்றுக்கு உண்டு. டெட்ராக்னாதா பேரினம் இதில் பெயர்பெற்றது. அரிதாக வந்து சேர்ந்த சில மூதாதையரின் வழியினர், போட்டியாளர் குறைந்த மலைக்காடுகளில் பரவிப் பல இனங்களாகக் கிளைத்தனர்.

5. முள்கால் கிளையும் நான்கு உருவங்களும்

1990களின் தொடக்கம் முதல் ரோஸ்மேரி கில்லெஸ்பி இச்சிலந்திகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையின் போக்கை மாற்றின. 1991இல் அவர் 'முள்கால் கிளை' எனத் தமிழில் சொல்லத்தக்க ஒரு தொகுதியை விரித்துரைத்தார். இக்கிளையின் சிலந்திகளுக்குக் கால்களில் நீண்ட முட்கள் உண்டு. இவை வலை பின்னுவதில்லை. ஈரமலைக் காடுகளில் இரவில் நடந்து திரிந்து இரையைப் பிடிக்கின்றன. வட்டவலைக் குடும்பத்தில் பிறந்து வலையைத் துறந்தவை இவை.

இக்கிளையில் நான்கு வகைத் தோற்றங்கள் காணப்படுகின்றன. பச்சை நிறத்தவை இலைகளில் வாழ்கின்றன. செம்பழுப்பு நிறத்தவை பாசியில். சிறிய பழுப்பு நிறத்தவை சுள்ளிகளில். பெரிய பழுப்பு நிறத்தவை மரப்பட்டையில். சூழலுக்கேற்ப அமைந்த இத்தோற்ற வகையை இக்கட்டுரை 'சூழலுருவம்' என வழங்கும். கவாயில் டெ. கவாயென்சிஸ் பச்சை. ஒவாகுவில் டெ. தந்தலஸ், டெ. பாலிக்ரோமாட்டா ஆகியன பச்சை, டெ. பெரெய்ராய் செம்பழுப்பு. மவுயில் டெ. வைகமோய் பச்சை, டெ. கமகோவ் செம்பழுப்பு.

இனி வினா எழுகிறது. தீவுதோறும் உள்ள பச்சைச் சிலந்திகள் யாவும் ஒரே பச்சை மூதாதையின் வழிவந்தனவா? அன்றி, ஒவ்வொரு தீவிலும் பச்சை உருவம் புதிதாகத் தோன்றியதா? முன்னது சரியாயின் நிறம் உறவுக்குச் சான்றாகும். பின்னது சரியாயின் நிறம் சூழலுக்கு மட்டுமே சான்றாகும்.

மரபணுத் தொடர்களை ஒப்பிட்டு 2004இல் 'சயன்ஸ்' இதழில் கில்லெஸ்பி வெளியிட்ட விடை, இரண்டில் ஒன்று என்று அமையவில்லை. ஒரே சூழலுருவம் வெவ்வேறு தீவுகளில் தனித்தனியே தோன்றியதும் உண்டு. ஒரு தீவில் தோன்றிய உருவம் அடுத்த தீவுக்குப் பரவியதும் உண்டு. இவ்விரு வழிகளாலும் ஒவ்வொரு காட்டிலும் ஏறத்தாழ ஒத்த ஒரு தொகுப்பு உருவாகிறது. அதாவது, மவுயின் பச்சைச் சிலந்திக்கு நெருங்கிய உறவு ஒவாகுவின் பச்சைச் சிலந்தியாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. நிறம் வேறுபட்ட ஒன்றாகவும் இருக்கலாம். 2018இல் குச்சி போன்ற உடலுடைய 'அரியாம்னெஸ்' பேரினத்தின் ஹவாய்ச் சிலந்திகளிலும் பொன்னிறம், கருநிறம், மங்கிய வெண்ணிறம் என்னும் உருவங்கள் இவ்வாறே மீண்டும் மீண்டும் தோன்றியமை காட்டப்பட்டது.

சிரித்தமுகச் சிலந்தியின் சான்று இன்னும் நுட்பமானது. அதன் முதுகுக் கோலங்கள் மவுயிலும் ஹவாய்ப் பெருந்தீவிலும் ஒத்த வகையாகவே காணப்படுகின்றன. ஆனால் அக்கோலம் மரபுவழி இறங்கும் முறை இரண்டு தீவுகளிலும் வேறுபடுகிறது என்று ஜெஃப்ரி ஆக்ஸ்ஃபோர்டும் கில்லெஸ்பியும் செய்த ஆய்வுகள் காட்டின. விளைவு ஒன்று, வழி இரண்டு. பாரசீகத்தின் 'பத்' என்னும் சொல்லும் ஆங்கிலத்தின் 'பேட்' என்னும் சொல்லும் ஒலியாலும் பொருளாலும் ஒத்திருந்தும் வேரால் தொடர்பற்றவை என்பதை மொழியியல் மாணவர் அறிவர்.

6. ஒப்புமையும் உறவும்

உறவை எதனால் அறிவது? பொதுவாக உள்ள பண்புகள் யாவும் உறவுச் சான்று ஆகா. பொதுவான புதுமைகளே சான்றாகும் என்பது விடை. இவ்விடையை மொழியியலார் முன்னரே கண்டனர். 1876இல் ஆகஸ்ட் லெஸ்கீன் இக்கருத்தை முன்வைக்க, 1884இல் கார்ல் புருக்மன் அதனை விரிவாக நிறுவினார். உயிரியலில் இதற்கு இணையான நெறியை வில்லி ஹென்னிக் 1950இல் செருமானிய மொழியில் வெளியிட்டார். 1966இல் ஆங்கில வடிவம் வந்த பின்னரே அது பரவலாயிற்று. மரவுருவில் மொழிக்குடும்பத்தை வரைந்த ஷ்லைகர் 1863இல் டார்வின் கொள்கையையும் மொழியியலையும் ஒப்பிட்டு எழுதினார். டார்வினும் 1859இல் உயிர்களின் வகைப்பாட்டை விளக்க மொழிகளின் கொடிவழியையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். இவ்விரு துறைகளின் கொடுக்கல் வாங்கல் நெடியது.

முள்கால் கிளைக்கு இந்நெறியைப் பொருத்திப் பார்க்கலாம். வலையின்மை ஒரு பொதுப்பண்பு. ஆனால் இழப்பு பலமுறை தனித்தனியே நிகழக்கூடியது. ஓர் ஒலியன் மறைந்தது என்பது மட்டும் கொண்டு இரு மொழிகளை ஒரு கிளையாக்க நாம் தயங்குவது இதனாலேயே. வலையின்மையோடு காலின் நீண்ட முட்களும் மரபணுச் சான்றும் சேரும்போதுதான் கிளை உறுதிப்படுகிறது. நிறமோ பலமுறை தோன்றிய பண்பு. அது கிளையை நிறுவாது.

திராவிட மொழியாய்வில் இதன் இணைகள் தெளிவானவை. 1816இல் எல்லிஸ் தென்னிந்திய மொழிகளின் தனி உறவைச் சுட்டினார். 1856இல் கால்டுவெல் அதனைப் பேரிலக்கணமாக நிறுவினார். ஆயின் அவரே இக்குடும்பத்தைச் சிதியம் எனப்பட்ட பெருந்தொகுதியோடு இணைக்கவும் முற்பட்டார். அவ்விணைப்புக்கு அவர் காட்டிய ஒப்புமைகளுள் ஒட்டுநிலை அமைப்பு போன்ற வகைமைப் பண்புகளுக்குப் பங்குண்டு. ஒட்டுநிலை, பச்சை நிறம் போன்றது. உலகின் பல பகுதிகளில் தனித்தனியே அமையக்கூடியது. கால்டுவெல்லின் முதற்கூற்று நிலைத்ததும் இரண்டாம் கூற்று நிலைபெறாததும் இவ்வேறுபாட்டால் விளக்கம் பெறும். பிற்காலத்தில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1961ஆம் ஆண்டு நூல் முதலாகத் தெலுங்கைக் கோண்டி, கூயி முதலியவற்றோடு சேர்த்ததும், அத்தொகுதி தென்திராவிடத்தோடு கொண்ட நெருக்கத்தைக் காட்டியதும் பொதுப் புதுமைகளைக் கொண்டே. அகரம் தொடரும் சூழலில் இகர எகரங்களும் உகர ஒகரங்களும் மயங்குதல் அவற்றுள் ஒன்று.

7. ஒப்பீட்டின் எல்லை

இவ்வொப்பீட்டை அளவுக்கு மீறி நீட்டுதல் தகாது. 1928இல் துருபெட்ஸ்கோய் முன்வைத்து, 1956இல் எமனோ இந்தியாவுக்குப் பொருத்திக்காட்டிய மொழிப்பரப்புக் கொள்கை, உறவில்லா மொழிகள் தொடர்பால் ஒத்துப்போவதைப் பேசுகிறது. அங்கு ஒருவர் மற்றவரிடமிருந்து பெறுகிறார். ஒவாகுவின் பச்சைச் சிலந்தி மவுயின் பச்சைச் சிலந்தியிடமிருந்து நிறத்தைக் கற்பதில்லை. ஒத்த இலை ஒத்த நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறது. எனவே சூழலுருவத்துக்கு மொழியில் இணை, தொடர்பால் வந்த ஒப்புமையன்று. தனித்தனியே அமைந்த வகைமை ஒப்புமையே. மேலும், இலை நிறத்தைத் தேர்ந்தெடுப்பது போல ஒரு மொழியின் சொல்வரிசையை நிலமோ காலநிலையோ தேர்ந்தெடுக்கிறது என்று கூற நம்மிடம் அடிப்படை இல்லை. ஒப்பீடு முறையியலுக்குப் பயன்படும், காரணத்துக்குப் பயன்படாது.

8. கலைச்சொல்லாக்கத்துக்குச் சில குறிப்புகள்

இனி மொழிபெயர்ப்பாளர் நிலைக்கு வருவோம். முதற்சிக்கல் படிநிலைச் சொற்கள். தமிழகப் பாடநூல்களில் 'வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம்' என்பவை வழங்க, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அவற்றுக்கு நேராக 'வருணம், குடும்பம், சாதி, இனம்' என்பவை வழங்குகின்றன. 'இனம்' என்னும் ஒரே சொல் ஓரிடத்தில் இறுதிப் படிநிலையையும் மற்றோரிடத்தில் பொதுப்பொருளையும் தருகிறது. ஒரு நூலில் இரு மரபும் கலந்தால் வகைப்பாடே கலையும். எம்மரபைக் கொள்வது என்பதை முதற்பக்கத்திலேயே அறிவித்தல் வேண்டும்.

இரண்டாவது, விளக்கப்பெயர். குடும்பப் பெயரைத் தொழிலால் பெயர்த்தால், அத்தொழிலைத் துறந்த உறுப்பினரிடம் பெயர் பொய்க்கிறது. உறவுப் படிநிலைகளுக்குத் தொழிற்பெயரைத் தவிர்த்து, அறிவியற்பெயரின் ஒலிபெயர்ப்பையோ 'நீள்தாடைக் குடும்பம்' போன்ற உறுப்புப் பெயரையோ கொள்ளலாம். தொழிற்பெயர்களை வாழ்முறை வகைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். வட்டவலை, ஒட்டடை, நூலாம்படை என நம் வழக்கில் உள்ள சொற்கள் அங்குப் பெரிதும் பயன்படும்.

மூன்றாவது, ஒலிபெயர்ப்பு. கில்லெஸ்பி இனங்கள் பலவற்றுக்கு ஹவாய் மொழிச் சொற்களையும் இடப்பெயர்களையும் இட்டார். கமகோவ் மொலொகாயின் சிகரம், 'கிகொகிகொ' புள்ளிகள் உடையது, 'ஆனுவெனுவெ' வானவில். விலங்கியல் பெயரீட்டு விதிகள் மேற்குறிகளை ஏற்காமையால் ஹவாய் மொழியின் குரல்வளை அடைப்பொலிக் குறியும் நெடில் குறியும் அறிவியற்பெயரில் மறைந்துவிடுகின்றன. தமிழெழுத்துக்கு வரும்போது வேறொரு மாற்றம் நிகழ்கிறது. உயிரும் உயிரும் இடையில் அடுத்து வருதல் நம் மரபன்று. எனவே உகர எகரங்களிடையே வகர உடம்படுமெய் தோன்றுகிறது. இலத்தீன் எழுத்தில் குறி இழந்த சொல், தமிழெழுத்தில் ஒரு மெய்யைப் பெறுகிறது. நெடிலைக் காட்ட நம்மிடம் எழுத்து இருப்பதால், ஹவாய் மூலத்தைப் பார்த்து எழுதினால் இலத்தீன் வடிவம் இழந்த ஒன்றை நாம் மீட்டுத் தரவும் கூடும்.

9. முடிவுரை

1896இல் ஹவாய்ப் பள்ளிகளின் பயிற்றுமொழியாக ஆங்கிலம் விதிக்கப்பட்டது. ஹவாய் மொழி பேசுவோர் தொகை அடுத்த தலைமுறைகளில் பெரிதும் சுருங்கியது. 1978இல் அது மீண்டும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. அத்தீவுகளின் காடுகளும் புறத்திருந்து புகுந்த உயிர்களாலும், ஒகிஅ மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோயாலும் இன்று நலிவுறுகின்றன. ஒரு காட்டின் பச்சைச் சிலந்தி அழிந்தால், 'அடுத்த தீவில் பச்சைச் சிலந்தி உண்டே' என்று அமைதி கொள்வதற்கில்லை. அது வேறொரு வரலாற்றின் விளைவு. உருவம் மீண்டும் தோன்றலாம். கொடிவழி மீண்டும் தோன்றாது. ஒட்டுநிலை மொழிகள் உலகில் பல உள்ளன என்பதால் ஓர் ஒட்டுநிலை மொழியின் மறைவு ஈடுசெய்யப்படுவதில்லை என்பதும் இவ்வகையினதே.

அவ்வியலின் மொழிபெயர்ப்பை நான் பின்னர்த் திருத்தினேன். 'நீள்தாடைக் குடும்பத்தைச் சேர்ந்த இச்சிலந்திகளுள் முள்கால் கிளையினவை வலை பின்னுவதில்லை' என்பது திருத்திய வாக்கியம். முன்னையதினும் அழகு குறைந்ததே. ஆயினும் அதில் உறவுக்கு ஒரு சொல்லும் வாழ்முறைக்கு ஒரு சொல்லும் தனித்தனியே நிற்கின்றன. கலைச்சொல்லிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது அதுவே.